மொட்டையைப் பார்க்காதீங்க, பேச்சைக் கேளுங்க

ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருக்கிற ஒரு விஷயத்தை இன்னிக்கு எழுதித் தீர்த்துடறேன். இங்கிலாந்துல நடக்கிற ஒரு படத்துலயோ தொடர்லயோ, தலையை ஒட்ட வெட்டிக்கிட்டு, கனத்த பூட்ஸும் தோள்பட்டை வாரும் மாட்டின ஒருத்தன் தெருமுனையில வந்து நின்னா போதும், "இவன் நாஜி"ன்னு நம்ம ஆளுங்க முடிவு கட்டிடறாங்க. 'ஸ்கின்ஹெட்'னு எங்க வந்தாலும் 'வெள்ளை இனவெறியன்'னு போட்டுட்டுப் போறதும் வழக்கமாயிடுச்சு. அது பாதி உண்மை. லேசான பாதி இல்ல அது. அதுல அடிபட்டவங்களும் செத்தவங்களும் நம்ம பக்கத்து ஆளுங்க, அதைப் பின்னாடி விவரமாவே பேசப்போறேன். ஆனா இன்னொரு பாதியில ஜமைக்காவுல இருந்து வந்த குடும்பங்களோட கறுப்பினப் பசங்க இருக்காங்க, அவங்க பாட்டு இருக்கு, அவங்க நடை உடை இருக்கு. அதை அழிச்சுட்டா அந்தத் தலைமுடி வெட்டு யார்கிட்டேருந்து வந்தது, யார் கைக்குப் போச்சுன்ற கதையும் சேர்ந்து அழிஞ்சிடும். அப்படி அழியணும்னுதான் அந்த இனவெறிக் கூட்டமும் ஆசைப்பட்டுச்சு.

நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். மழிச்ச தலைக்குன்னு தனியா ஒரு அர்த்தம் கிடையாது. அந்தப் பசங்களை ஒரு கூட்டமா சேர்த்தது, பிரிச்சது, காட்டிக்கொடுத்தது எல்லாமே அவங்க தங்களுக்குள்ள புழங்கின சொற்கள். அவங்க யாருன்னு தெரியணும்னா அந்தப் பேச்சைத்தான் சாட்சிக்குக் கூப்பிடணும். சாட்சின்னு கூப்பிட்டா அது சாதகமாவும் பேசும், பாதகமாவும் பேசும். ரெண்டையும் கேக்கணும்.

நம்ம ஊர்ல இருந்து பார்க்கும்போது இது சட்டுனு பிடிபடாது, அதுக்குக் காரணம் இருக்கு. பழனி, திருப்பதி, சமயபுரம்னு போய் முடியிறக்கிட்டு சந்தனம் பூசி வர்ற மொட்டையைப் பார்த்தா யாரும் "நீ எந்தக் கட்சி"ன்னு கேக்க மாட்டாங்க. அதிகபட்சம் எந்தக் கோயில்னு கேப்பாங்க. அர்த்தம் ஊருக்கே தெரியும், பல தலைமுறையா தெரியும். அதனால மொட்டை போட்டவர் எதையும் விளக்க வேண்டியதில்ல. 1969 லண்டன்ல அந்த வசதி கிடையாது. அங்க ஒட்ட வெட்டின தலைன்னா பட்டாளம், ஜெயில், இல்லன்னா பேன் தொல்லை. ஊரெல்லாம் இளைஞர்கள் ஹிப்பி பாணியில தோள் வரைக்கும் முடி வளர்த்துக்கிட்டிருந்த நேரத்துல, தொழிலாளி வீட்டுப் பசங்க கொஞ்ச பேர் வெட்டிக்கிட்டு வந்து நின்னாங்க. அதுக்கான அர்த்தத்தையும் அவங்களேதான் பேசிப் பேசி உண்டாக்கணும்.

முதல்ல பேரே ஒண்ணா இல்ல. 'பீனட்ஸ்'னாங்க, 'ஹார்ட் மாட்ஸ்'னாங்க. (அறுபதுகள்ல பகட்டா உடுத்திக்கிட்டு ஸ்கூட்டர்ல சுத்தின 'மாட்ஸ்' கூட்டத்தோட முரட்டுக் கிளைதான் இந்தக் கடைசிப் பேருக்காரங்க.) 1969 வாக்குல 'ஸ்கின்ஹெட்'ங்கிற பேர் நிலைச்சுது, தங்களுக்குள்ள வெறும் 'ஸ்கின்'. இதுல கவனிக்க வேண்டியது, அந்த முதல் தலைமுறைத் தலைகள்ல பெரும்பாலானது முழு மொட்டையே கிடையாது. மிஷின்ல ரெண்டாம் நம்பர், மூணாம் நம்பர் வச்சு ஒட்ட வெட்டினது, பலபேர் பக்கவாட்டுல கத்தியால ஒரு வகிடு கீறிக்குவாங்க, கிருதாவும் விட்டுக்குவாங்க. நம்ம சலூன்ல "ஒண்ணாம் நம்பர் போடுங்கண்ணே"ன்னு சொல்ற அதே மிஷின் கணக்குதான். அந்த நம்பரே அவங்களுக்குள்ள ஒரு பாஷை ஆயிடுச்சு. தோல் தெரிய மழிக்கிறது பத்து வருஷம் கழிச்சு வந்த ரெண்டாவது அலையோட பழக்கம். ஆக, 'தோல்தலை'ன்னு பேர் வச்சுக்கிட்ட முதல் ஆளுங்களுக்குத் தலையில முடி இருந்துச்சு! பேர் தலையை விவரிக்கிற வேலையைச் செய்யல, "நாங்க ஒரு கூட்டம்"னு அறிவிக்கிற வேலையைத்தான் செஞ்சுது.

அந்தக் கூட்டத்தோட பாணி எங்கேருந்து வந்ததுன்னு பாருங்க. பூட்ஸ் தொழிற்சாலைக்காரங்களோடது. டாக்டர் மார்ட்டன்ஸோட முதல் இங்கிலாந்து பூட்ஸ் 1960 ஏப்ரல் 1ல வந்தப்ப அது உழைக்கிறவங்க கால்ல போடுற சாமான்தான். பென் ஷெர்மன் சட்டையும் இறுக்கமான வெட்டும் மாட்ஸ்கிட்டேருந்து வந்துச்சு. மீதியெல்லாம் ஜமைக்கா. கிங்ஸ்டன் நகரத்துச் சேரிப் பசங்களை 'ரூட் பாய்'னு சொல்வாங்க. அவங்களோட ஒட்ட வெட்டின தலை, கணுக்காலுக்கு மேல நிக்கிற பேன்ட், சின்ன விளிம்புத் தொப்பி, ஸ்கா, ராக்ஸ்டெடி, ஆரம்பகால ரெகே பாட்டு எல்லாம் பிரிக்ஸ்டன் மாதிரி பகுதிகள்ல குடியேறின குடும்பங்களோட லண்டனுக்கு வந்து சேர்ந்துச்சு. 1968ல ஜமைக்கா இசையை வெளியிட ட்ரோஜன் ரெக்கார்ட்ஸ் தொடங்கினாங்க. 1969 ஏப்ரல்ல டெஸ்மண்ட் டெக்கரோட 'இஸ்ரேலைட்ஸ்' பிரிட்டிஷ் பாட்டுப் பட்டியல்ல முதலிடத்துக்குப் போச்சு. அந்த இசைத்தட்டை வாங்கிக் குவிச்சதுல இந்த ஸ்கின்ஹெட் பசங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 'ஸ்கின்ஹெட் மூன்ஸ்டாம்ப்'னு அவங்க பேரைச் சொல்லியே ஒரு பாட்டு வந்துச்சு. அதைப் பாடினது சிமாரிப், கரீபியன் வழிவந்த கறுப்பினக் கலைஞர்களோட குழு. அந்த இசைக்கே 'ஸ்கின்ஹெட் ரெகே'ன்னு பேர் விழுந்துச்சு. இந்தப் பேரைக் கொண்டாடி முதல்ல பாட்டுக் கட்டினவங்கள்ல கறுப்பின மனுஷங்க இருந்தாங்கன்றதை யாராலயும் மறுக்க முடியாது.

தலையை நம்பினா எப்படி ஏமாறுவோம்னு அதே வருஷத்துலயே ஒரு அத்தாட்சி கிடைக்குது. ஸ்லேடுனு ஒரு ராக் குழு. (அப்ப 'அம்ப்ரோஸ் ஸ்லேடு'.) அவங்க மேனேஜர் சாஸ் சாண்ட்லர், பரபரப்பா இருக்கும்னு குழுவுல எல்லாருக்கும் முடியை வெட்டி, பூட்ஸும் தோள்வாரும் மாட்டி ஸ்கின்ஹெட்டா நிறுத்திட்டார். எடுபடல. கொஞ்ச நாள்ல முடி வளர்த்துட்டு, பளபளா ஜிகினா உடைக்கு மாறி, பெரிய நட்சத்திரமாயிட்டாங்க. தலைமுடியை யாரும் ஒரு மத்தியானத்துல கடன் வாங்கிடலாம். எந்த நடன அரங்கத்துக்கு என்ன பேர், எந்தப் பாட்டுக்கு யார் எழுந்து ஆடுவாங்க, எந்தச் சட்டையை எத்தனை பட்டன் வரைக்கும் போடணும், எதைச் சொன்னா சிரிப்பாங்க, எதைச் சொன்னா அடிப்பாங்கன்றதைக் கூட இருந்து பழகினாத்தான் பிடிக்க முடியும்.

இந்தக் கூட்டுணர்வு எதுக்காக வேண்டியிருந்துச்சுன்னு கேட்டா, பர்மிங்காம் பல்கலைக்கழகத்துல ஜான் கிளார்க் ஒரு பதில் சொல்லியிருக்கார். ஸ்டூவர்ட் ஹாலும் டோனி ஜெஃபர்சனும் தொகுத்த 'ரெசிஸ்டன்ஸ் த்ரூ ரிச்சுவல்ஸ்' நூல்ல அவரோட கட்டுரை இருக்கு. (ஸ்டூவர்ட் ஹாலே ஜமைக்காவுல பிறந்தவர்.) கிழக்கு லண்டன்ல பழைய தெருக்களை இடிச்சுட்டு அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுப்புறாங்க, துறைமுக வேலை குறையுது, தெருவே வீடா இருந்த வாழ்க்கை சிதறிப்போகுது. அப்படி இழந்துபோன சமூகத்தைப் பசங்க தங்களோட கூட்டத்துக்குள்ள மந்திரம் போட்ட மாதிரி திரும்ப வரவழைக்கப் பார்த்தாங்கன்றதுதான் அவர் வாதம். தாத்தா போட்ட பூட்ஸ், தாத்தா போட்ட தோள்வார், தாத்தா தெருவோட எல்லை, அந்த எல்லைக்கான சண்டை. எனக்கு இது பெரும்பாலும் சரியாப் படுது. கூடவே ஒண்ணு சேர்க்கணும்: அவங்க மீட்டெடுக்கப் பார்த்த அந்தப் பழைய தெருவுல எல்லாருக்கும் இடம் இருந்ததில்ல.

அங்கதான் சாட்சி பாதகமாப் பேச ஆரம்பிக்குது. அவங்களோட சொல்லடைவைத் திறந்து பாருங்க. 'பொவ்வர்'னா சண்டை. (தொந்தரவுக்கான ஆங்கிலச் சொல் கிழக்கு லண்டன் உச்சரிப்புல அப்படி ஆகும்.) 'பொவ்வர் பூட்ஸ்'னா உதைக்கிறதுக்கான பூட்ஸ். 'அக்ரோ'ன்னா வம்பு. இதெல்லாம் கால்பந்து மைதானப் பேச்சு, அதுவரைக்கும் சரி. அதே பட்டியல்ல 'பாக்கி-பாஷிங்'னு ஒண்ணு இருக்கு. அதுல முதல் சொல் தெற்காசியக்காரங்க எல்லாரையும் சேர்த்துத் திட்டுற வசவு. பாகிஸ்தானியா, வங்காளியா, பஞ்சாபியா, தமிழனான்னு அடிக்கிறவன் பிரிச்சுப் பார்த்ததில்ல. 1969, 70ல கிழக்கு லண்டன்ல இது ஒரு பொழுதுபோக்கு மாதிரியே நடந்துச்சு. 1970 ஏப்ரல்ல டோசீர் அலின்ற சமையல்கூடத் தொழிலாளி வேலை முடிஞ்சு வீட்டுக்குத் திரும்புற வழியில கொல்லப்பட்டது அந்த அலைக்கு நடுவுலதான். ரெண்டு வருஷம் கழிச்சு 'தி பெயின்ட் ஹவுஸ்'னு ஒரு புத்தகம் வந்துச்சு. பெத்னல் கிரீன் பகுதியில ஒரு பசங்க கூட்டத்தோட பேச்சை ஒலிப்பதிவு பண்ணி அப்படியே எழுதினது. குடியேறி வந்தவங்க மேல இருந்த வெறுப்பு அதுல அவங்க வாயாலேயே வருது. வேற யாரும் இட்டுக்கட்டினது இல்ல.

அதனால "முதல் தலைமுறை ஸ்கின்ஹெட்கள் இனவெறி இல்லாதவங்க, பின்னாடி வந்தவங்கதான் கெடுத்தாங்க"ன்னு சிலர் சொல்ற கதையை நான் ஏத்துக்க மாட்டேன். 1968 ஏப்ரல் 20ல அரசியல்வாதி ஈனக் பவல் குடியேற்றத்துக்கு எதிரா பர்மிங்காம்ல ஒரு பேச்சுப் பேசினார். மூணே நாள்ல லண்டன் துறைமுகத் தொழிலாளிகள் அவருக்கு ஆதரவா நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் போனாங்க. அந்தக் காத்தைத்தான் இந்தப் பசங்களும் சுவாசிச்சாங்க. அப்படின்னா ஜமைக்காப் பாட்டுக்கு ஆடுறவன் எப்படி வங்காளியை உதைச்சான்? ரெண்டும் ஒரே ஆளுக்குள்ள எப்படி இருந்துச்சு? பேச்சை வச்சுப் பார்த்தா இதுக்கு ஓரளவு விளக்கம் கிடைக்குது. ஜமைக்கா வீட்டுப் பையன் அதே பள்ளிக்கூடத்துல படிச்சான், அதே இங்கிலீஷைத் தன் பாணியில பேசினான், அவன்கிட்டேருந்து வெள்ளைப் பையன் சொல்லும் கத்துக்கிட்டான், ஆட்டமும் கத்துக்கிட்டான். தெற்காசியர்ல பலர் அப்பத்தான் வந்து இறங்கினவங்க, வேற மொழி, வேற சாப்பாடு, ஆட்ட அரங்கத்துக்கு வராத குடும்பங்கள். ஒரே கொச்சையைப் பகிர்ந்துக்கிட்டவனை 'நம்மாளு'ன்னு சேர்த்துக்கிட்டாங்க, பகிராதவனைக் குறி வச்சாங்க. இது அவங்களுக்கு வக்காலத்து ஆகாது. ஒரு கூட்டத்தோட பேச்சு எந்த இடத்துல முடியுதோ அங்கேருந்து கொடுமை ஆரம்பிக்கலாம்னுதான் இது காட்டுது. அந்தச் சேர்த்துக்கிட்டதும் ரொம்ப நாள் நிலைக்கல. எழுபதுகள்ல ரெகே ஆப்பிரிக்கா பக்கமும் ரஸ்தஃபாரி நம்பிக்கை பக்கமும் திரும்பி, கறுப்பினப் பெருமையைப் பாட ஆரம்பிச்சதும் வெள்ளைப் பசங்களுக்கு அதுல இடமில்லாமப் போச்சுன்னு ஆய்வாளர் டிக் ஹெப்டிஜ் 1979ல எழுதின நூல்ல சொல்றார். புது ரெகேயோட பேச்சு அவங்களுக்குப் புரியல, உறவும் விட்டுப்போச்சு.

இடையில கொஞ்ச காலம் கூட்டமே கரைஞ்சுது. முடியைச் சீப்பு பிடிக்கிற அளவுக்கு வளர்த்தவன் 'ஸ்வேட்ஹெட்', இன்னும் வளர்த்தவன் 'ஸ்மூத்தி'. பங்க் இசை கிளம்பினப்ப, எழுபதுகளோட கடைசியில, மொட்டை திரும்பி வந்துச்சு, இந்த வாட்டி தோல் தெரிய. கூடவே நேஷனல் ஃப்ரன்ட், பிரிட்டிஷ் மூவ்மென்ட்னு இனவெறிக் கட்சிகளும் வந்தாங்க. அவங்க செஞ்ச வேலை ரொம்பக் கணக்கானது. கால்பந்து மைதான வாசல்ல நின்னாங்க. 'புல்டாக்'னு இளைஞர் பத்திரிகை நடத்தி, அதுல கால்பந்தும் பாட்டும் எழுதினாங்க. அந்தப் பசங்களோட இடத்துக்கே போய், அவங்க பேசுற மாதிரியே பேசினாங்க. ஆளைப் பிடிக்க அது போதுமா இருந்துச்சு. அப்ப உருவான தெருப் பங்க் இசைக்கு 'ஓய்!'னு பேர் வச்சது இசைப் பத்திரிகையாளர் கேரி புஷெல். (நம்ம ஊர்ல எதிர்ல போறவனைக் கூப்பிடுற அதே 'ஓய்' மாதிரிதான் அங்கேயும்.) 1981ல 'ஸ்ட்ரெங்த் த்ரூ ஓய்!'னு ஒரு தொகுப்பு வந்துச்சு. தலைப்பு ஒரு நாஜி முழக்கத்தைத் திருகினது. அட்டையில இருந்த மொட்டைத்தலை நிக்கி கிரேன், பிரிட்டிஷ் மூவ்மென்ட் அடியாள். அதே வருஷம் ஜூலை 3ல சவுத்ஆல் பகுதியில ஹாம்ப்ரோ டேவர்ன்ங்கிற மதுக்கடையில ஓய் கச்சேரி வச்சாங்க. சவுத்ஆல் பஞ்சாபிகள் நிறைஞ்ச இடம். ரெண்டு வருஷம் முன்னாடிதான் அங்க நேஷனல் ஃப்ரன்டை எதிர்த்த போராட்டத்துல பிளேர் பீச்ன்ற ஆசிரியர் உயிரை விட்டிருந்தார். பஸ் பஸ்ஸா வந்து இறங்கின ஸ்கின்ஹெட்கள் வழியில கடைக்காரங்ககிட்ட வம்பு பண்ண, உள்ளூர் ஆசிய இளைஞர்கள் திரண்டாங்க. ராத்திரி அந்த மதுக்கடை எரிஞ்சுபோச்சு. மேடையேறின குழுக்கள் "நாங்க நாஜி இல்ல"ன்னு சொன்னாங்க. சொல்லட்டும். அந்த ஊருக்கு, அந்த வருஷத்துல, அந்த மாதிரி அட்டைப்படத்துக்கு அப்புறம், யாரையும் கேக்காம வந்து இறங்கினதுக்கு அவங்க பதில் சொல்லித்தான் ஆகணும்.

நிக்கி கிரேன் கதையில இன்னொரு திருப்பமும் உண்டு. ஊருக்கு முன்னாடி இனவெறியின் முகம், மறைவுல தன்பாலின ஈர்ப்புள்ளவர். 1992ல தொலைக்காட்சியில அதை வெளிப்படையாச் சொல்லி, பழைய அரசியலையும் கைவிட்டார். 1993ல எய்ட்ஸ்ல இறந்துபோனார். லண்டனோட கே கிளப்கள்ல அதே மொட்டையும் பூட்ஸும் ஏற்கெனவே ஒரு பாணியா ஓடிக்கிட்டிருந்துச்சு. அங்க வேற மாதிரிப் பேச்சு, வேற மாதிரி உறவு. ஒரே மனுஷனோட ஒரே தலை தெருவுல ஒண்ணைச் சொல்லுச்சு, கிளப்புல இன்னொண்ணைச் சொல்லுச்சு. தலைக்குத் தனியா அர்த்தம் கிடையாதுன்றதுக்கு இதைவிட என்ன வேணும்?

சரி, தலையையும் பூட்ஸையும் இனவெறிக்காரன் எடுத்துக்கிட்டான். மத்தவங்க எப்படித் தங்களைப் பிரிச்சுக் காட்டுறது? இங்கதான் எனக்கு இந்தக் கதையில பெரிய ஈடுபாடு. சொல்லை வச்சுத்தான் பிரிச்சாங்க. இனவெறி ஸ்கின்ஹெட்டுக்கு 'போன்ஹெட்'னு பேர் வச்சாங்க, எலும்புத்தலை, உள்ள ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். அவனுக்கு 'ஸ்கின்'ங்கிற பேரையே மறுத்தாங்க. வரலாறும் இசையும் தெரியாம வெறுமனே மழிச்சுக்கிட்டு வர்றவன் 'பால்ட் பங்க்', மொட்டை போட்ட பங்க் அவ்வளவுதான். அமெரிக்காவுல ரெண்டு பக்கமும் உறவாடுறவன் 'ஃபென்ஸ்வாக்கர்', வேலி மேல நடக்கிறவன். இடதுசாரி 'ரெட்ஸ்கின்', பழைய ரெகே ரசிகன் 'ட்ரோஜன் ஸ்கின்'. 1980களோட பிற்பாதியில நியூயார்க்ல 'ஷார்ப்' கிளம்புச்சு. இனப் பாகுபாட்டை எதிர்க்கும் ஸ்கின்ஹெட்கள்ங்கிற பேரோட முதலெழுத்துக்கள் அது, பளிச்சுனு உடுத்துறவன்ற அர்த்தமும் சேர்ந்து வரும். கார்டிஃப் நகரத்து 'தி ஒப்ரெஸ்ட்' குழுவோட பாடகர் ராடி மோரேனோ அதை பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார். ஷார்ப்போட சின்னத்துக்கு அவங்க எடுத்துக்கிட்டது ட்ரோஜன் ரெக்கார்ட்ஸோட போர்வீரன் தலைக்கவசம். ஜமைக்கா இசைக்குப் பட்ட கடனை நெஞ்சுல குத்திக்கிட்டாங்க. அமெரிக்காவோட மினியாபோலிஸ்ல பல இனப் பசங்க சேர்ந்த ஒரு கூட்டம் தங்களுக்கு 'பால்டீஸ்'னே பேர் வச்சுக்கிச்சு. நம்ம பாஷையில சொன்னா 'மொட்டைங்க'. உள்ளூர் இனவெறி ஸ்கின்ஹெட்களை எதிர்த்து நின்ன அந்த மொட்டைங்ககிட்டேருந்துதான் 'ஆன்டி-ரேசிஸ்ட் ஆக்‌ஷன்'ங்கிற அமைப்பே பிறந்துச்சு.

இங்க ஒரு நியாயமான மறுப்பு வரும். "தப்பு பண்ணவனையெல்லாம் 'அவன் உண்மையான ஸ்கின்ஹெட்டே இல்ல, போன்ஹெட்'னு தள்ளிட்டா, எந்தக் கூட்டமும் சுத்தமாத்தானே தெரியும்?" ஆமா. வரலாறு எழுதும்போது அந்தச் சொல்லை அப்படிப் பயன்படுத்த விடக்கூடாது. 1970ல தெற்காசியர்களை உதைச்சவங்க அசல் காலத்து ஸ்கின்ஹெட்கள்தான், '69ன் உணர்வு'ன்னு இன்னிக்கும் பெருமை பேசுறவங்க அதையும் சேர்த்துத்தான் சுமக்கணும். ஆனா 'போன்ஹெட்'ங்கிறது வரலாற்றுத் தீர்ப்பா மட்டும் இருக்கல, ஒரு நிலைப்பாடாவும் இருந்துச்சு. அதைச் சொன்னவன் அந்த இடத்துலயே எதிரியைச் சம்பாதிச்சான், அடி வாங்கினான். செலவில்லாம சொல்லித் தப்பிக்கிற சொல்லா அது இருந்ததில்ல. பழியைக் கழுவ அதைச் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன், பக்கம் எடுக்கச் சொன்னா மதிக்கிறேன்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. இருட்டுல நடந்துபோற ஒருத்தர் எதிர்ல நாலு மொட்டையைப் பார்க்கிறார். அவர் நின்னு அவங்க கொச்சையை ஆராய்ச்சி பண்ணவா முடியும்? 1988 நவம்பர்ல அமெரிக்காவோட போர்ட்லண்ட்ல முலுகெட்டா செராவ்ன்ற எத்தியோப்பிய இளைஞரை இனவெறி ஸ்கின்ஹெட்கள் மட்டையால அடிச்சே கொன்னாங்க. அந்தக் கூட்டத்தைத் தூண்டிவிட்டதுக்காக வெள்ளை இனவெறித் தலைவர் டாம் மெட்ஸ்கர் தரப்பு மேல 1990ல 1.25 கோடி டாலர் நஷ்டஈட்டுத் தீர்ப்பு வந்துச்சு. இப்படியொரு காலத்துல, மொட்டையைப் பார்த்து ஒதுங்கிப்போனவரை "நீ புரிஞ்சுக்கலை"ன்னு குத்தம் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. அவர் பயம் முழுக்க நியாயம். நிரூபிக்க வேண்டிய பொறுப்பு மழிச்சவன் தலையில. ஷார்ப் பசங்க இதைப் புரிஞ்சுக்கிட்டதாலதான் பேட்ஜ் குத்தினாங்க, தூரத்துல இருந்தே தெரியற மாதிரி. ஷூ லேஸ் நிறத்துக்கு அர்த்தம் வச்ச பழக்கமும் இந்த மாதிரித் தேவையிலதான் வளர்ந்துச்சு. (ஆனா அது ஊருக்கு ஊர் மாறும். வெள்ளை லேஸ் ஓரிடத்துல இனவெறியாளன், இன்னோரிடத்துல சும்மா வெள்ளை லேஸ். அதை நம்பி முடிவெடுக்க முடியாது.) ஷார்ப்லயும் வெறும் அடிதடிக்காகச் சேர்ந்தவங்க இருந்தாங்க, வேற பக்கம் நின்னுக்கிட்டு அதே 'அக்ரோ'வை அனுபவிச்சவங்க இருந்தாங்க. அதை மறைக்க வேண்டியதில்ல.

நான் பேச்சைக் கேளுங்கன்னு சொல்றது தெருவுல பயந்து ஒதுங்கினவர்கிட்ட இல்ல. உக்காந்து யோசிக்க நேரம் இருக்கிற நம்மகிட்டத்தான். எழுதுறவங்க, சப்டைட்டில் போடுறவங்க, விமர்சனம் பண்றவங்க கொஞ்சம் நின்னு நிதானிக்கலாம். ஷேன் மெடோஸ் 2006ல எடுத்த 'திஸ் இஸ் இங்லண்ட்' படத்தைப் பாருங்க, 1983ல நடக்கிற கதை. ஒரு கூட்டம், எல்லாரும் ஸ்கின்ஹெட், அதுல ஜமைக்கா வம்சாவளிப் பையன் ஒருத்தனும் உண்டு. ஜெயில்ல இருந்து ஒருத்தன் திரும்பி வந்து நேஷனல் ஃப்ரன்ட் பேச்சுப் பேசறப்ப அந்தக் கூட்டம் ரெண்டா உடையுது. உடையுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரே தலை, ஒரே சட்டை, ஒரே பூட்ஸ். எல்லாரையும் 'நாஜி'ன்னு ஒரே சொல்லால மூடிட்டா அந்தப் படத்துல நடக்கிறது எதுவுமே புரியாது. எழுந்து வெளிய நடந்தவனோட துணிச்சல் கணக்குல வராமலே போயிடும். கறுப்பின இயக்குநர் டான் லெட்ஸ் 2016ல பிபிசிக்காக ஸ்கின்ஹெட் வரலாற்றை ஆவணப்படமா எடுத்தார். ஜமைக்கா வழிவந்த லண்டன்காரர், அந்தக் காலத்தை உள்ள இருந்து பார்த்தவர். அவருக்கு அந்தக் கதையில உரிமை உண்டு. அந்த உரிமையை நாம மொழிபெயர்ப்புல பறிச்சுடக் கூடாது.

இன்னிக்கு லண்டன்ல மழிச்ச தலையைப் பார்த்து யாரும் திரும்புறதில்ல. முன்னந்தலையில முடி போக ஆரம்பிச்சதும் மொத்தமா எடுத்துடறது ஆபீஸ் வேலைக்காரங்க வரைக்கும் சகஜமாயிடுச்சு. அந்தக் கொச்சை மட்டும் இன்னும் உயிரோட இருக்கு, அது பிறந்த ஊரை விட்டு ரொம்ப தூரத்துல. இந்தோனேசியாவுலயும் மலேசியாவுலயும் ஸ்கின்ஹெட் கூட்டங்கள் இருக்கு. 1970ல கிழக்கு லண்டன் தெருவுல நடந்திருந்தா இவங்களும் அடி வாங்கியிருப்பாங்க. இவங்க 'ஓய்!'னு கத்துறாங்க, ட்ரோஜன் தலைக்கவசத்தைக் குத்திக்கிறாங்க. அதே மலேசியாவுல மலாய் இன மேலாதிக்கம் பேசுற சின்னச் சின்ன ஸ்கின்ஹெட் குழுக்களும் முளைச்சிருக்கு. அவங்க வெறுப்பு பாயறது மலாய்க்காரர் அல்லாதவங்க மேல. அந்த நாட்டு இந்தியர்கள்ல பெரும்பாலானவங்க தமிழர்கள்ன்றது உங்களுக்கே தெரியும். கோலாலம்பூர்லயும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மழிச்ச தலை, ஒரே மாதிரி பூட்ஸ். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தை 'போன்ஹெட்'னு கூப்பிடுது.